நிலமும் பத்திரமும் நம் காலத்திலேயே ஒழுங்காகட்டும்

ஆடி பிறக்கும் முன்பே விதையைப் பற்றி எண்ணுகிறவர் நம் விவசாயி. ஐப்பசி மழை வருமுன் ஏரிக்கரையைப் பலப்படுத்த வேண்டும் என்பதும், மடையைப் பழுது பார்க்க வேண்டும் என்பதும் அவருக்கு ஒருவர் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. வரப்போகும் பருவத்துக்காக இத்தனை முன்யோசனையுடன் நடந்துகொள்ளும் நாம், நமக்குப் பின் நம் நிலமும் வீடும் சேமிப்பும் யாரிடம், எவ்விதம் போய்ச் சேர வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் பேசத் தயங்குகிறோம். அதை அமங்கலப் பேச்சு என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்தத் தயக்கத்தின் விலையைப் பின்னால் கொடுப்பவர்கள் நம் மனைவி மக்களே.

சொத்துக் காரியங்களை ஒழுங்கு செய்வது, உரியவர் உயிருடன் இருக்கும்போது அவர் ஒருவரே சில நாட்களில் முடித்துவிடக்கூடிய வேலை. அவர் மறைந்தபின் அதே வேலையைப் பலர் கூடிப் பல ஆண்டுகள் முயன்றாலும் முடிக்க இயலாமற் போகிறது. இந்த உண்மையை விளக்குவதும், செய்ய வேண்டியவற்றை வரிசையாக எடுத்துரைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பட்டா, எட்டுக் கையொப்பம்

உதாரணமாக ஓர் இந்துக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெரியவர் ஒருவர் தம் சொந்த உழைப்பில் 6 ஏக்கர் நிலம் வாங்கினார். 1975-இல் அவர் உயில் எழுதாமல் காலமானார். அவருடைய தாயாரும் மனைவியும் அவருக்கு முன்பே மறைந்துவிட்டனர். அவருக்கு மகன்கள் இருவர், மகள் ஒருவர். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூவருக்கும் ஆளுக்கு 2 ஏக்கர் உரியது. அன்றே மூவரும் கையொப்பமிட்டுப் பட்டாவை மாற்றியிருந்தால் காரியம் அத்துடன் முடிந்திருக்கும். “அண்ணன் தம்பிக்குள் பத்திரம் எதற்கு?” என்று விட்டுவிட்டனர்.

1998-இல் மூத்த மகன் இறந்தார். அவருடைய 2 ஏக்கர், மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்குமாக ஆளுக்கு 50 சென்ட் ஆயிற்று. 2012-இல் மகள் இறந்தார். அவருடைய பங்கு கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சென்றது. இளைய மகன் மட்டும் உயிருடன் இருக்கிறார். இப்போது கணக்கிட்டால், மூன்று கையொப்பத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்கு எட்டுக் கையொப்பங்கள் தேவைப்படுகின்றன. எட்டுப் பேரில் ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் துபாயில் இருப்பார், ஒருவர் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருப்பார். பட்டாவிலோ இன்னும் பாட்டனார் பெயரே இருக்கும். இன்னும் ஒரு தலைமுறை கடந்தால் எண்ணிக்கை என்ன ஆகும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதனால் நேரும் நஷ்டம் கொஞ்சநஞ்சம் அன்று. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு நம் மாநிலத்தில் 100 சதவீத மானியம் உண்டு. ஆனால் உழுகிறவர் பெயரில் சிட்டா இல்லையேல் விண்ணப்பம் நகராது. பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளில் வழங்கப்படுகிறது. அதற்கும் நிலம் தம் பெயரில் இருக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, வீடு கட்டும் உதவி ஆகிய யாவும் இவ்வாறே. நிலம் இருந்தும் இல்லாதவராக ஒரு குடும்பம் நிற்பதைவிடப் பரிதாபம் வேறில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். பட்டா என்பது வருவாய்த் துறையின் கணக்கு. அதுவே முழு உரிமைப் பத்திரம் ஆகாது. உரிமை என்பது கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட், உயில், வாரிசுரிமை ஆகியவற்றால் வருவது. ஆகவே மூலப் பத்திரமும் பட்டாவும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வதே முதற்கடமை. 1980-களில் நடைபெற்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டின்போது சர்வே எண்ணிலோ பெயரிலோ விஸ்தீரணத்திலோ ஏற்பட்ட பிழைகள் சில இடங்களில் இன்றும் திருத்தப்படாமல் உள்ளன. விவரம் அறிந்த பெரியவர் உயிருடன் இருக்கையிலேயே அவற்றைத் திருத்திக்கொள்வது எளிது.

உயில் இல்லையேல் சட்டம் வகுக்கும் பங்கு

உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்து, அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோருக்குச் சமமாகச் சேரும். தாய்க்கும் பங்கு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். தமக்கு முன்பே இறந்த மகனுக்கோ மகளுக்கோ பிள்ளைகள் இருந்தால், அந்தப் பங்கு அவர்கள் வழிக்குப் போகும்.

“பெண்ணுக்குச் சீர் செய்துவிட்டோம், ஆகையால் பங்கில்லை” என்னும் பேச்சு கிராமங்களில் இன்னும் இருக்கிறது. சட்டம் இதை ஏற்பதில்லை. பூர்விகச் சொத்தில்கூடத் தமிழ்நாட்டில் 25-3-1989 முதல், அத்தேதிக்கு முன் மணமாகாத பெண்களுக்கு மகனுக்கு நிகரான உரிமை தரப்பட்டது. 9-9-2005 முதல் நாடு முழுவதும் மணமான பெண்களுக்கும் அவ்வுரிமை வந்தது. அத்தேதியில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 11-8-2020-இல் தீர்ப்பளித்தது. 20-12-2004-க்கு முன் முறைப்படி முடிந்துவிட்ட பாகப்பிரிவினைகளை மட்டும் இச்சட்டம் கலைப்பதில்லை. சகோதரி தம் பங்கை விட்டுக்கொடுக்க மனமுவந்தால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து தரலாம். விவரத்தைச் சொல்லாமல் திருவிழாவுக்கு வந்த இடத்தில் கையொப்பம் வாங்குவது, பிற்காலத்து வழக்குக்கு விதை ஊன்றுவதாகும்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். பிள்ளைகள் இருந்தால் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கும், பிள்ளைகளுக்கு எஞ்சிய இரண்டு பங்கும் சேரும். இஸ்லாமியக் குடும்பங்களில் ஷரியத் சட்டப்படி பங்குகள் அமையும். வாரிசுகளின் சம்மதமின்றி மொத்தச் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத இயலாது.

உயில் எழுதுவது எப்படி?

சட்டம் தரும் பங்கு எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தும் என்று கூற முடியாது. ஊனமுற்ற பிள்ளைக்குக் கூடுதலாக ஏதேனும் வைக்க வேண்டியிருக்கலாம். கடைசி வரையில் வீடு மனைவியின் அனுபவத்தில் இருக்க வேண்டும் என்று விரும்பலாம். இத்தகைய விருப்பங்களுக்கு உயிலே வழி.

உயில் எழுதுவதற்குப் பெரும் செலவில்லை. முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாளில் எழுதினாலே போதும். 18 வயது நிறைந்து தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் எழுதலாம். எழுதுகிறவர் கையொப்பமிட வேண்டும். எழுத்தறியாதவர் கைரேகை வைக்கலாம். அதைக் கண்ணால் கண்ட சாட்சிகள் குறைந்தது இருவர், எழுதியவர் முன்னிலையில் தாமும் கையொப்பமிட வேண்டும். இது தவறினால் மற்ற யாவும் சரியாக இருந்தும் உயில் நிற்காது.

உயிலால் பயனடைகிறவரைச் சாட்சியாக வைக்கலாகாது. சாட்சிகள் எழுதுகிறவரைவிட வயதில் இளையவர்களாக இருப்பது நலம்; ஏனெனில் பின்னர் வழக்கு வந்தால் சாட்சி ஒருவரேனும் நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். உயிலைப் பதிவு செய்வது கட்டாயம் அன்று. எனினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவைத்தால், தொலைந்துபோகும் என்னும் அச்சமும் பொய் உயில் என்னும் பேச்சும் குறையும். முத்திரையிட்ட உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வழியுண்டு. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்; கடைசியாக எழுதியதே செல்லும்.

சொத்து விவரத்தில் கவனம் தேவை. “மேட்டுக்காடு மூத்தவனுக்கு, பள்ளக்காடு இளையவனுக்கு” என்று எழுதினால் போதாது. சர்வே எண், உட்பிரிவு எண், விஸ்தீரணம், நான்கெல்லை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். கிணற்றில் எத்தனை பங்கு, யாருக்கு எந்த நாளில் தண்ணீர் முறை, மோட்டாரும் மின் இணைப்பும் யாருக்கு, வண்டிப்பாதை எந்த வழியாக என்பவற்றையும் எழுதிவிட வேண்டும். நிலத்தைச் சமமாகப் பிரித்துவிட்டுக் கிணற்றையும் பாதையையும் பிரிக்க மறந்த பாகங்களே நம் கிராமங்களில் மிகுதியான சண்டைகளுக்குக் காரணம் ஆகின்றன. பூர்விகச் சொத்தாயின், தம் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும் என்பதையும் நினைவிற் கொள்க.

உயிருடன் இருக்கையிலேயே கொடுக்கலாமா?

சிலர் தம் காலத்திலேயே பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட விரும்புகின்றனர். இதற்குப் பாகப்பிரிவினைப் பத்திரமும் செட்டில்மெண்ட் பத்திரமும் வழிகளாம். குடும்பத்தினருக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு, 10-7-2023 முதல் நடைமுறையில் உள்ள விகிதப்படி முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம், உச்ச அளவு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்ச அளவு 10,000 ரூபாய். குடும்பப் பாகப்பிரிவினையில் இவ்வுச்ச அளவுகள் ஒவ்வொரு பாகத்துக்கும் கணக்கிடப்படும். வாய்மொழியாகவோ பதிவு செய்யாத கூர்ச்சீட்டிலோ பிரித்துக்கொள்வது அன்றைக்குச் செலவைக் குறைக்கலாம். நீதிமன்றத்தில் அது வலுவற்றுப் போகக்கூடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. உயிலை மாற்றலாம், செட்டில்மெண்டை எழுதியவர் தம் விருப்பம்போல் ரத்து செய்ய இயலாது. எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு வேளைச் சோற்றுக்கு மகன் வீட்டுத் திண்ணையில் காத்திருக்கும் நிலை எந்தப் பெற்றோருக்கும் வரலாகாது. ஆகவே, தம் ஆயுட்காலமும் தம் துணைவியின் ஆயுட்காலமும் வரையில் வீட்டையும் நிலத்தையும் அனுபவிக்கும் உரிமையைத் தமக்கென வைத்துக்கொண்டே பத்திரம் எழுத வேண்டும். “எங்களைப் பராமரிக்க வேண்டும்” என்னும் நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுத வேண்டும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, அந்நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாததாக்கும்படி கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். நிபந்தனை எழுதப்படாவிடில் பரிகாரம் பெறுவது கடினமாகும்.

பாங்கு, காப்பீடு, கொடுக்கல் வாங்கல்

பாங்குக் கணக்கிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் நியமனதாரர், அதாவது நாமினி, பெயர் கொடுத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். திருமணத்துக்கு முன் கொடுத்த பெயரே இன்னும் பலருக்கு நீடிக்கிறது. 1-11-2025 முதல் பாங்கு வைப்புகளுக்கு நான்கு பேர் வரையில் நியமிக்கலாம். ஒவ்வொருவருக்கும் எத்தனை சதவீதம் என்றும் குறிக்கலாம். ஆனால் பாங்கு நாமினி, பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்ப்பிக்கும் கையே அன்றி அதன் உடைமையாளர் ஆகிவிடுவதில்லை. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015-ஆம் ஆண்டின் திருத்தப்படி, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் அத்தொகை அவர்களுக்கே உரியதாகும். நிலத்துக்கு நாமினி என்பதே கிடையாது.

ஆண்டுக்கு 20 ரூபாயில் விபத்து மரணத்துக்கு 2 இலட்சம் ரூபாய் தரும் சுரக்ஷா பீமா திட்டமும், 436 ரூபாயில் எவ்வித மரணத்துக்கும் 2 இலட்சம் தரும் ஜீவன் ஜோதி பீமா திட்டமும் பாங்குகள் வழியாக நடைபெறுகின்றன. கணக்கிலிருந்து பணம் பிடிக்கப்படுவது வீட்டாருக்குத் தெரியாமையால், கேட்கப்படாமலே போகும் தொகைகளும் உண்டு. 10 ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புகள் ரிசர்வ் பாங்கின் நிதிக்கு மாற்றப்படும். அதன் பின்னரும் வாரிசுகள் உரிய சான்றுகளுடன் தம் பாங்கு வழியாகக் கோரலாம்.

இவை யாவற்றுக்கும் மருந்து ஒரு நோட்டுப் புத்தகமே. எந்தப் பாங்கில் என்ன கணக்கு, நகை எங்கே அடகு, யாருக்குக் கைமாற்று கொடுத்தோம், யாரிடம் வாங்கினோம், சீட்டு எத்தனை தவணை பாக்கி, ஒத்தி நிலம் யாருடையது, மூலப் பத்திரம் எந்தப் பெட்டியில் என்பவற்றைத் தேதியிட்டு எழுதி, அந்த நோட்டு இருக்குமிடத்தை மனைவியிடமும் பிள்ளைகளிடமும் சொல்லி வைக்க வேண்டும். பிராமிசரி நோட்டுக்கு மூன்று ஆண்டுகளே காலவரம்பு. பெட்டிக்குள் நோட்டு இருப்பதை வீட்டார் அறியாமற் போனால் அந்தப் பணம் காலாவதியாகிவிடும்.

கடன் வாங்கியவர் இறந்தால், அவரிடமிருந்து பெற்ற சொத்தின் அளவுக்கே வாரிசுகள் பொறுப்பாவர். தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் தருமம் என்னும் ஒரே காரணத்துக்காக, 9-9-2005-க்குப் பின் ஏற்பட்ட கடனை இந்து மகனின் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வசூலிக்க இயலாது. துக்க வீட்டில் வந்து நிற்கும் கடன்காரருக்கு அவசரப்பட்டு எதிலும் கையொப்பமிட வேண்டாம்.

இறுதிச் சிகிச்சை பற்றிய விருப்பம்

பிழைக்க வழியில்லாத நிலையில் கருவிகளைக் கொண்டு உயிரை நீட்டுவது வேண்டுமா என்பதையும் ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். 9-3-2018-இல் உச்ச நீதிமன்றம் இவ்வுரிமையை ஏற்று, 24-1-2023-இல் முறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் அத்தாட்சி பெற வேண்டும். தமக்காக முடிவு கூற வேண்டியவர் யார் என்றும் குறிக்க வேண்டும். மருத்துவமனையில் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்த பின்னரே அது செயலுக்கு வரும். நிலத்தை விற்றுச் சிகிச்சை செய்வதா என்று பிள்ளைகள் பரிதவிக்கும் நேரத்தில், பெரியவரின் சொல் எழுத்தில் இருப்பது பெரிய ஆறுதலாகும்.

மறைவுக்குப் பின் செய்ய வேண்டியவை

முதலாவதாக, மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஓர் ஆண்டைக் கடந்தால் மாஜிஸ்ட்ரேட்டின் உத்தரவு தேவைப்படும். பெயரும் தகப்பனார் பெயரும் பத்திரத்தில் உள்ளபடியே இறப்புச் சான்றிலும் வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்துப் பிழை பல மாத அலைச்சலைத் தரும். இரண்டாவதாக, இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதில் மகள்களின் பெயரை மறைக்கலாகாது. மறைத்துப் பெற்ற சான்றிதழ் ரத்தாகக்கூடியது. மூன்றாவதாக, பட்டா மாற்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். முதலில் கூட்டுப் பட்டாவாகவேனும் மாற்றிக்கொண்டு, பாகப்பிரிவினை பதிவானபின் அளந்து உட்பிரிவு செய்து தனிப் பட்டா பெறலாம். ஆண்டுதோறும் நடைபெறும் ஜமாபந்தியிலும் இம்மனுக்களைக் கொடுக்கலாம். பின்னர் மின் இணைப்பு, வீட்டு வரி, சங்கப் பங்குத் தொகை ஆகியவற்றில் பெயர் மாற்ற வேண்டும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யக்கூடியது

இவையெல்லாம் குடும்பத்துக்குள் நடக்க வேண்டியவையே. எனினும் பஞ்சாயத்துக்கும் ஒரு கடமை உண்டு. கிராம சபை ஒன்றில் கிராம நிர்வாக அலுவலர், சார்பதிவாளர் அலுவலகத்தார், கூட்டுறவுச் சங்கச் செயலாளர், பாங்கு மேலாளர் ஆகியோரை அழைத்து இப்பொருளைப் பேசச் செய்யலாம். பெண்கள் சுய உதவிக் குழுக்களுக்கு இதைத் தனியாக விளக்குதல் அவசியம். கணவர் மறைந்தபின் எந்த அலுவலகத்துக்கு எந்தக் காகிதத்துடன் செல்வது என்று தெரியாமல் தவிப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. வட்டச் சட்டப் பணிகள் குழுவில் பெண்களுக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி கிடைக்கும் என்பதைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதி வைக்கலாம். துக்கம் நேர்ந்த வீட்டுக்குச் செல்லும் அங்கத்தினர், 21 நாள் கெடுவை நினைவூட்டுவதும் ஒரு சேவையே. குடும்பச் சண்டையில் ஒரு பக்கம் சேர்ந்து மற்றவரைக் கையொப்பமிடுமாறு நெருக்குவது மட்டும் அவர் செய்யத் தகாதது.

வாசகர்கள் இவ்வாரமே மூன்று காரியங்களைச் செய்யலாம். முதலாவது, தம் சர்வே எண்ணுக்குச் சிட்டாவும் வில்லங்க விவரமும் எடுத்து மூலப் பத்திரத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது. இரண்டாவது, பாங்கில் நாமினி பெயரைச் சரிபார்ப்பது. மூன்றாவது, மேற்கூறிய நோட்டை எழுதத் தொடங்குவது. அதன்பின் ஒரு நாள் மனைவி, மகன், மகள் அனைவரையும் கூட்டிவைத்துத் தம் எண்ணத்தைச் சொல்லட்டும். பெரியவர் தம் வாயால் சொல்லிய பங்கு சிறிதாயினும் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வர். அவர் இல்லாதபோது பிறர் பிரித்துக் கொடுக்கும் பங்கு பெரிதாயினும் மனக்குறை தீராது. நாம் விட்டுச் செல்வது 1 ஏக்கராயினும், அது நம் மக்கள் தடையின்றி உழுது பயிரிடும் 1 ஏக்கராக இருக்கட்டும்.